ஒரு ஸ்ட்ராங், ஒரு லைட்

அம்பத்திரண்டாயிரமாமா. காப்பி மிஷின் கடைப் பொண்ணு கத்தரிக்கா கிலோ நாப்பதுங்கற மாதிரி சொல்லுது, "இது அம்பத்திரண்டு வருதுங்க மேடம், கிரைண்டர் தனி." கிரைண்டர் தனியா? அட கெரகமே, இத்தனை ரூவாயக் குடுத்தும் இது கொட்டை அரைக்காதா, அப்ப இது என்னதான் பண்ணும்? முகத்துல நான் ஒண்ணும் காட்டிக்கல. முப்பது வருஷம் எட்டாங்கிளாசுக்குக் கணக்கு நடத்துன மூஞ்சி, உள்ள என்ன எரிஞ்சாலும் வெளிய புகை வராது. "அப்படீங்களா"ன்னு மட்டும் சொன்னேன். சட்டையில பேர் குத்தியிருக்குது, ஜெசிந்தா. முப்பது வயசிருக்கும், எங்க மிருதுளா வயசு. மிருதுளாதான் இத்தனைக்கும் காரணம். போன ஞாயித்துக்கெழமை பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, "அம்மா, அந்த பில்டரைத் தூக்கிப் பரண்ல போடு, நல்லதா ஒரு எஸ்பிரஸ்ஸோ மிஷின் வாங்கிக்க, அறுபதாயிரத்துக்குள்ள எது வேணாலும் எடு, நான் அனுப்பறேன்"னா. எனக்கு ஒருத்திக்கு எதுக்குடி மிஷினுன்னேன். "ஒருத்திக்குத்தாம்மா"ன்னா. புடிச்சா புடிச்ச புடி, அப்படியே அவங்கப்பா. அதுக்கும் மேல பேசுனா அழுதுருவா போல இருந்துச்சு, காப்பிக்குப் போயி எதுக்கு அழுகறான்னு புரியாமயே சரின்னுட்டேன். வந்து கால்மணி நேரமாச்சு, இந்தக் கடையில எனக்கு இன்னும் நிக்கவே தெரியல. பையை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு அரையடி பின்னால தள்ளித் தள்ளி நிக்கறேன், அந்தப் பொண்ணும் "முன்னால வாங்க மேடம், முன்னால வாங்க"ங்குது. ஏன்னு இப்பத்தான் புரியுது. அவுங்க நிக்கறதுக்கு எடம் உட்டு நிக்கறேன். மிக்சி வாங்கப் போனாலும் சரி, பிரிட்ஜு வாங்கப் போனாலும் சரி, எங்கூட்டுக்காரரு முன்னால நின்னு கேள்வி கேப்பாங்க, நான் பின்னால நின்னு பையைப் புடிச்சுக்குவேன். மோட்டார் பம்பு கம்பெனியில முப்பத்தஞ்சு வருஷம் போர்மேனு, சும்மாவா? எதை எடுத்தாலும் கவுத்துப் போட்டு அடியில ஒட்டியிருக்கற தகட்டைப் படிச்சுட்டுத்தான் வெலையே கேப்பாங்க. கடைக்காரங்க திருதிருன்னு முழிப்பாங்க, எனக்கு மானம் போவும், உள்ளுக்குள்ள பெருமையாவும் இருக்கும். அவுங்க போயி எட்டு மாசம் ஆகுது. இன்னும் எடம் உட்டுட்டு நிக்கறேன்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா மேடம்? காசைப் பூராம் மிஷின்லயே கொட்டாதீங்க," ஜெசிந்தா கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுது, முதலாளி காதுல உழுகாத மாதிரி. "கிரைண்டர் சுமாரா இருந்தா எத்தனை பெரிய மிஷின்லயும் காப்பி நல்லா வராதுங்க. பொடி ஒரே சீரா இருக்கோணும். கொஞ்சம் பெருசா இருந்தா சப்புன்னு வரும், ரொம்ப நைசா போனா கசந்துரும். இந்த முப்பத்தோராயிரம் மிஷினை எடுங்க, கிரைண்டருக்கு இருபத்திரண்டு போடுங்க. அந்தப் பெரிய மிஷின்ல ஒரே நேரத்துல காப்பியும் எறக்கலாம், பாலும் காய்ச்சலாம், அது ஆளு நெறைய இருக்கற வீட்டுக்குங்க. உங்களுக்கு எதுக்கு?" என் தலை அதுவாக் கூட்டிப் பாத்துருச்சு, அம்பத்தி மூணு, மிச்சத்துக்குக் கொட்டை வாங்கலாம். நல்ல பொண்ணு. நம்ம காசைத் தன் காசா நெனைக்குது. திடீர்னு என் வாய்ல இருந்து, "பம்பு எத்தனை பாருங்க?"ன்னு வருது. நான் கேக்கலை அதை. நான் கேக்கவே இல்ல, பாருன்னா என்னன்னுகூட எனக்கு அரைகுறையாத்தான் தெரியும், தண்ணியத் தள்ளற வேகம் மாதிரி என்னமோ. குரல் மட்டும்தான் என்னுது. ஜெசிந்தாவோட கண்ணு ரெண்டும் விரியுது. "பரவால்லீங்களே மேடம்! பதினஞ்சு பாரு. ஆனா காப்பிக்கு ஒம்பதே போதும். பெட்டியில பதினஞ்சுன்னு போட்டா ஜனங்க வாங்குவாங்கன்னு போடறாங்க." அப்படியா சங்கதின்னு நான் பெரிய மனுசியாட்டம் தலைய ஆட்டிக்கறேன்.  இருக்கட்டும், அவுங்க இருந்திருந்தா இன்னும் நாலு கேட்டிருப்பாங்க.

"ஒரு டெமோ போட்டுக் காட்டறனுங்க"ன்னு கொட்டையக் கொட்டுது. கிரைண்டர் போடற சத்தத்துல காது அடைச்சுக்குது, ஆனா வாசம் வருது பாருங்க, அய்யோ சாமி, எங்கூட்டு டப்பாவத் தெறந்தா வர்ற வாசமெல்லாம் இதுக்கு முன்னால வாசமா? கைப்புடி வெச்ச ஒரு கரண்டியாட்டம் இருக்கறதுல பொடிய நெரப்பி, ஒரு குண்டை வெச்சு அமுக்கி, மிஷின்ல மாட்டி ஒரு திருகு. இத்தனை சாஸ்திரமா ஒரு வா காப்பிக்கு! எனக்குச் சிரிப்பு வருது. கீழ ரெண்டு மூக்கு இருக்குது, மூக்குக்கு ஒண்ணா ரெண்டு கப்பு. பொத்தானை அமுக்குனதும் உள்ள பம்பு முக்குது, முக்கி முக்கி, பொறவு மெதுவா ரெண்டு மூக்குலயும் ஒரே நேரத்துல தேன் நெறத்துல நூலு எறங்குது. "இருபத்தஞ்சு செகண்டு, அவ்வளவுதானுங்க," நிறுத்திருச்சு. இத்துணூண்டுதான் இருக்குது ரெண்டுலயும். "இருங்க, பால் எடுத்துட்டு வர்றேன்"ன்னு உள்ள போயிருச்சு. இதுக்கப்பறம் நடந்தத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் என்ன யோசிச்சுட்டு இருந்தேன்? வீட்டுல கேஸ் புக் பண்ணணும்னு நெனச்சேன். மொழங்கால் வலிக்குதேன்னு நெனச்சேன். கை அது பாட்டுக்கு அதோட வேலையப் பண்ணுச்சு. ஒரு கப்புல இருந்ததை இன்னொரு கப்புல ஊத்தி, பக்கத்துல இருந்த சாசரை எடுத்து அது மேல மூடி, ஓரமாத் தள்ளி வெச்சுட்டு, காலிக் கப்பை மூக்குக்குக் கீழ வெச்சு, அதே பொத்தானைத் திரும்ப அமுக்கிருச்சு. வெளுப்பா வந்துச்சு, பித்தளைப் பாத்திரம் ஊற வெச்ச தண்ணி மாதிரி. போதும்ங்கற அளவுக்கு நெரப்பி, நிறுத்தி, ஒரு வா குடிச்சும் பாத்துட்டேன். அட, நம்ம ஊட்டுக் காப்பி மாதிரியே இருக்குதேன்னு சந்தோசமா இருந்துச்சு.

"அய்யய்யோ மேடம், என்ன பண்றீங்க!" ஜெசிந்தா பால் பாக்கெட்டோட ஓடி வருது. "ரெண்டாவது எடுத்தேனுங்க"ன்னேன். "ரெண்டாவதா? இதுல ரெண்டாவதெல்லாம் இல்லீங்க மேடம், ஒரு தடவை எறங்குனா அந்தப் பொடியத் தட்டிக் கொட்டிர வேண்டியதுதான். நீங்க குடிச்சது கழுவுன தண்ணிங்க!" சிரிக்குது, வஞ்சனையில்லாத சிரிப்பு. எனக்குக் கோவம்தான் வருது. கழுவுன தண்ணியாமா? ஒரு பொடியில ஒருக்காத்தான் எடுக்கோணும்னு யாரு சட்டம் போட்டாங்க? "எங்கூட்டுல மொத டிகாஷன் எறக்கி எடுத்து வெச்சுருவோம். பொறவு அதே பொடியில இன்னொருக்காச் சுடுதண்ணி ஊத்தி எறங்கறதுல எனக்குக் கலந்துக்குவேன். முப்பத்தி மூணு வருசமா அதைத்தான் குடிக்கறேன், எனக்கொண்ணும் ஆகல"ன்னு டீச்சர் குரல்ல ஒரு போடு போட்டேன். "ஓ, அப்படீங்களா. அப்ப மொதலாவது யாரு குடிப்பாங்க மேடம்?" அதுக்கென்ன, சாதாரணமாத்தான் கேட்டுச்சு. நானும் வாயத் தெறந்துட்டேன், எங்கூட்டுக்காரருன்னு சொல்ல வந்துட்டேன், பாதியில நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. அவுங்கதான் இல்லையே. அப்ப இன்னைக்கு வெடியால எறக்குன மொதலாவது எங்க? சமையக்கட்டுல, எவர்சில்வர் கிண்ணத்துல, தட்டுப் போட்டு மூடி, அடுப்புக்கு இடது பக்கத்துல இருக்குது. நேத்தைக்கு எறக்குனது? முந்தாநாளுது? "செடிக்கு ஊத்திருவேன்"ன்னு சொல்லறேன், எனக்கே என் குரல் எங்கிருந்தோ கேக்குது. "சாயங்காலம் பொழுதோட, கறிவேப்பிலைச் செடிக்கு." ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு நின்னு போச்சு. "எத்தனை நாளாங்க மேடம்?" எட்டு மாசமா. எட்டு மாசம், தெனமும்.

உக்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டுருக்குது அந்தப் பொண்ணு. உக்காந்துட்டேன்.  கறிவேப்பிலைச் செடி அடர்த்தியா வந்துருக்குது, ரெண்டு தெரு தள்ளி இருக்கறவங்ககூட வந்து கிள்ளிட்டுப் போறாங்க, என்ன உரம் போடறீங்க டீச்சர்னு கேக்கறாங்க, ஒண்ணும் போடறதில்லீங்கன்னுதான் சொல்லியிருக்கேன். பொய் சொல்லல, நெசமாவே அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அடிப் பாவி மனோன்மணி, செடிக்குக் குடுத்திருக்கறயே மொத டிகாஷனை, நீ குடிக்கறது என்ன? ரெண்டு பேருக்குப் பொடி போடறே, ஒரு ஆளு இல்ல, ரெண்டுல ஒண்ணைக் கழிக்கத் தெரியல உனக்கு, எத்தனை பிள்ளைங்க தலையில குட்டியிருப்பே இதுக்கு? நல்லவேளை யாருக்கும் தெரியாது. எங்கத்தை இருந்தா சிரிப்பாங்க. அவுங்கதான் ஆரம்பிச்சு வெச்சது, கல்யாணமாகி மறுநாள் வெடியால அஞ்சரைக்குச் சமையக்கட்டுல, "மொதலாவது எம்பையனுக்கும் உங்க மாமனுக்கும், ரெண்டாவது நமக்கு அம்மணி"ன்னாங்க. அந்த 'நமக்கு' எத்தனை நல்லா இருந்துச்சு தெரியுமா. புது ஊடு, ஒரு மூஞ்சியும் தெரியாது, அப்பப் பாத்து ஒருத்தி நமக்குன்னு சொல்றா. ரெண்டு பேரும் கீழ உக்காந்து அந்தத் தண்ணிக் காப்பியக் குடிச்சுட்டு, ஆம்பளைங்களப் பத்திப் பேசிச் சிரிப்போம். அத்தை போயி பதினாறு வருசமாச்சு. அதுக்கப்பறமும் ரெண்டாவதையே குடிச்சேனே, அப்ப நமக்குங்கறதுல மிச்சம் இருந்தது யாரு? ஹோட்டலுக்குப் போனா அவுங்க என்னையக் கேக்காமயே, "ஒரு ஸ்ட்ராங், ஒரு லைட்"டும்பாங்க. எனக்கு லைட்டுதான் புடிக்கும்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்குதேன்னு எனக்குப் பெருமை வேற. அடக் கருமமே, எனக்கு லைட்டுதான் புடிக்கும்னு யாரு சொன்னாங்க? எங்கப்பா ஊட்டுல பொட்டப்புள்ளைங்களுக்குக் காப்பியே கெடையாது. அப்ப நான் எப்பத்தான் ஸ்ட்ராங்காக் குடிச்சுப் பாத்து, வேண்டாம்னு சொன்னேன்?

அவுங்களுக்குத் தெரியுமா தெரியாதா? இதுலதான் வந்து வந்து முட்டறேன். தெரியாதுன்னுதான் நானும் நெனப்பேன், ஆம்பளைங்களுக்கு அடுப்படியில என்ன நடக்குதுன்னு எப்பத் தெரிஞ்சிருக்குது, ஆனா ஒரு தீவாளி, மிருதுளா காலேஜு படிக்கறப்ப, எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு அவசரத்துல என் டம்ளரை எடுத்துட்டாங்க. ஒரு வாய்தான். மூஞ்சியச் சுளிச்சுட்டு, "என்ன புள்ள இது, கழுவுன தண்ணியாட்டம் இருக்குது?"ன்னாங்க. "அது என்னுதுங்க"ன்னேன். "ஓ"ன்னாங்க. கீழ வெச்சுட்டு அவுங்க டம்ளரை எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான். ஓ. அந்த ஓவுக்கு என்னங்க அர்த்தம்? இத்தனை நாளும் அது எனக்கு ஞாபகமே இல்ல, இந்தப் பொண்ணு கழுவுன தண்ணின்னு சொல்லவும் எங்கயோ கெடந்தது எந்திரிச்சு வந்து முன்னால நிக்குது. உங்களுக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு அந்த ஒரு நிமிசம் உங்களுக்குத் தெரிஞ்சுது, நான் என்ன குடிக்கறேன்னு. நாளைக்கு இருந்து உனக்கும் அதுலயே போட்டுக்க புள்ளன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொடி என்ன தங்கமா? சீக்குன்னு படுத்தா ராவெல்லாம் முழிச்சிருந்து ஒத்தடம் குடுக்கற மனுசன், எனக்கு மொழங்கால் ஆப்பரேசன் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சண்டை போட்ட மனுசன், ஓன்னுட்டுப் போயிட்டீங்களே. கோவம் கோவமா வருது. செத்துப்போனவங்க மேல கோவப்பட்டா பாவமா என்னன்னு தெரியல, வருது, நான் என்ன பண்ண? வந்த வேகத்துல பயமும் வருது. அன்னைக்கு, அந்த வெடியால, மொதலாவதை எறக்கி மூடி வெச்சுட்டுத்தானே எழுப்பப் போனேன். ஏனுங்க, ஏனுங்கன்னு தோளைத் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. வந்தவங்க போனவங்க எல்லாரும் போயி ராத்திரி சமையக்கட்டுக்குள்ள போனா, மூடி வெச்சது மூடுன மாதிரியே இருந்துச்சு. அன்னைக்குத்தான் மொதமொத செடிக்கு ஊத்துனேன். அதைக் குடிக்க எனக்கு மனசு வரல, அவுங்களுது. தெனமும் எறக்கி வெச்சா, எழுப்பப் போறதுக்கு முன்னால இருக்கற அந்த அஞ்சு நிமிசம் தெனமும் வருது. நான் குடிச்சுட்டா? குடிச்சுட்டா அவுங்க இல்லீன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிருமில்ல? இதுதானா சங்கதி. இதைத்தானா எட்டு மாசமாப் பண்ணிட்டு இருக்கேன், தெரியாமயே?

போன் அடிக்குது. மிருதுளா. "என்னம்மா, கடைக்குப் போனயா? எதாச்சும் புடிச்சுதா?" குரலைச் சரி பண்ணிக்கறதுக்குள்ள வந்துருச்சு, "மிருது, இந்த மிஷின்ல ரெண்டாவது வராதாம்டி." ஏன் அதைச் சொன்னேன்? அறுபதாயிரம், கிரைண்டர், பாருன்னு சொல்றதுக்கு எத்தனையோ இருக்க.   "தெரியும்மா"ன்னா. "அதனாலதான் இதை வாங்கச் சொன்னேன்." என்னடி சொல்றே. "பொங்கலுக்கு வந்து பதினோரு நாள் இருந்தேனில்ல. பதினோரு நாளும் பாத்தேம்மா. நீ மூடி வெக்கறது, பொழுதோட எடுத்துட்டுப் போயி செடிகிட்ட நிக்கறது. ஒரு நாள் நான் அந்தக் கிண்ணத்தை எடுத்து உனக்குக் கலக்கலாம்னு வந்தேன், நீ வெடுக்குன்னு புடுங்கிக்கிட்டே, ஞாபகம் இருக்குதா? உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கேட்டா நீ என்ன ஆவியோன்னு பயமா இருந்துச்சு." ஞாபகம் இல்ல. சத்தியமா ஞாபகம் இல்ல. என் புள்ளை கையில இருந்து நான் புடுங்கினேனா? நல்லவேளை யாருக்கும் தெரியாதுன்னு இப்பத்தானே நெனச்சேன். பெங்களூர்ல உக்காந்துட்டு மாசக்கணக்கா இதை மனசுல போட்டு வெச்சுட்டு, ரெண்டாவது வராத மிஷினாத் தேடிப் புடிச்சிருக்கறா எம்பொண்ணு. "அம்மா, இருக்கறயா?" இருக்கறேன்டி. "அழுகறயா?" இல்லடி, கிரைண்டர் சத்தம். கிரைண்டர் ஓடவே இல்ல. "அப்பறம் கூப்புடறேன்"னு வெச்சுட்டேன்.

ஜெசிந்தா பழைய பொடியத் தட்டிக் கொட்டிட்டு, "ஆறியிருக்கும், அதையும் கொட்டிட்டுப் புதுசாப் போடறேனுங்க"ன்னு சாசர் மூடியிருந்த கப்பை எடுக்க வருது. "இருக்கட்டும்"னேன். கை கப்பு மேல போயிருச்சு, அன்னைக்குப் புள்ளைகிட்ட இருந்து புடுங்குன மாதிரியே. வெடுக்குன்னு. அந்தப் பொண்ணு பின்னால நகந்துக்கிச்சு. எத்தனை நேரம் அப்படி மூடிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்னு தெரியல. ரோட்டுல பஸ்ஸு ஒண்ணு விடாம ஹாரன் அடிச்சுட்டே போச்சு. பொறவு சாசரை எடுத்துட்டேன். மேல இருந்த நொரையெல்லாம் அடங்கி, கருப்பா, ஒரு அவுன்சு மருந்தாட்டம் இருந்துச்சு. பால் இல்ல, சக்கரை இல்ல. ஏனுங்க, நான் குடிக்கறேன். ஒரே வா. அய்யோ. அய்யோ சாமி. கசப்புத்தான், ஆனா கசப்பு மட்டும் இல்ல, நாக்குல இருந்து மண்டை வரைக்கும் எறங்கி ஏறுது, தொண்டையில நிக்குது, முழுங்குன பொறவும் போக மாட்டேங்குது, கண்ணுல தண்ணி வருது. இதுவா காப்பி? இதையா தெனமும் குடிச்சீங்க, முப்பத்தி மூணு வருசம், எங்கிட்ட ஒரு வா குடுக்காம? மனுசனாங்க நீங்க? சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வருது, கடையில இருக்கறவங்க பாக்கறாங்க, பாக்கட்டும். "மேடம், ஆறுனது நல்லா இருக்காதுங்க," ஜெசிந்தா பதறுது. "நல்லா இருக்குது அம்மணி"ன்னேன்.

அந்த முப்பத்தோராயிரம் மிஷினும், அந்தக் கிரைண்டரும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அவுங்களாட்டம் மோட்டார் காயில் காப்பரான்னு கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. பையை எடுத்துக் கவுன்டர் மேல வெச்சுட்டு, எந்திரிச்சு, அந்தப் பொண்ணு காட்டித் தர்றபடி நானே கொட்டைய அரைச்சு, நானே அமுக்கி, நானே மாட்டித் திருகுனேன். ரெண்டு மூக்குலயும் நூலு எறங்குது. "ஒண்ணு நீ எடுத்துக்கோ"ன்னேன். "எனக்கெதுக்குங்க மேடம்"னு வெக்கப்படுது. "எடு. ரெண்டுமே மொதலாவதுதான்." ஒரே பொடி, ஒரே நேரம், ரெண்டு கப்பு. இப்படி ஒரு வழி இருந்திருக்குது, இத்தனை நாளும் இருந்திருக்குது. ஜெசிந்தா பாலைச் சூடு பண்ணி, என் கப்புகிட்டக் கொண்டாந்து சாய்ச்சுப் புடிச்சுட்டு நிக்குது. "எத்தனை ஊத்தட்டுங்க மேடம்? உங்களுக்கு ஸ்ட்ராங்கா, லைட்டா?" வாயில பழக்கத்துக்கு லைட்டுன்னு வந்து நின்னுச்சு, முழுங்கிட்டேன். ஸ்ட்ராங்குன்னு சொல்லலாம்னு பாத்தா அது அவுங்க சொல்ற வார்த்தை. அம்பத்தெட்டு வயசாச்சு, இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைய இதைக் கேட்டதில்ல, நானும் என்னையக் கேட்டுக்கிட்டதில்ல. பால் பாத்திரத்தைப் புடிச்சுட்டு அந்தப் பொண்ணு காத்துட்டு இருக்குது. "தெரியல அம்மணி"ன்னேன். "கொஞ்சமா ஊத்து. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."